ஒரு பாட்டில் டிரிப்பின் கணக்கு

மழை ஓய்ந்து ரப்பர் மரங்களில் மறுபடி கத்தி படத் தொடங்கும் நாட்களில், காரக்கோணம், குன்னத்துக்கால், தனுவச்சபுரம் பக்கத்துச் சின்ன கிளினிக்குகளில் கூட்டம் கூடிவிடும். பாதிப் பேருக்குக் காய்ச்சல், மீதிப் பேருக்குக் காய்ச்சல் விட்ட பிறகும் விடாத அசதி. டாக்டர் வாயைத் திறப்பதற்குள் வேண்டுகோள் வந்துவிடும்: "சாரே, ஒரே ஷீணம். ஒரு டிரிப்பு போட்டு விடுங்க." இந்தப் பக்கம் பாறசாலை, அந்தப் பக்கம் களியக்காவிளை. மாநிலமும் பேச்சும் மாறினாலும் இந்த வேண்டுகோள் மாறுவதில்லை. பாட்டில் ஏறி முடிந்தால் தெம்பு வந்துவிடும் என்பது இரண்டு பக்கத்து நம்பிக்கையும்.

அந்தப் பாட்டிலின் லேபிளைப் பொறுமையாகப் படித்தால் பாதி மயக்கம் தெளிந்துவிடும். 500 மில்லி அளவுள்ள 5 சதவீத குளுக்கோஸ் பாட்டிலில் இருப்பது 25 கிராம் சர்க்கரை. மொத்தம் 100 கலோரி. நம்மூர் ஏத்தன்பழம் ஒன்றில் அதைவிட அதிகம் கிடைக்கும். பழத்தில் நாரும் பொட்டாசியமும் வேறு உண்டு. அதே அளவு நார்மல் சலைன் பாட்டிலில் இருப்பது நாலரை கிராம் உப்பு. ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் கீழே நிறுத்துங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு கிட்டத்தட்ட இதுதான். ரத்தக்கொதிப்புக்காகச் சோற்றில் உப்பைக் குறைத்து, அப்பளத்தையும் ஊறுகாயையும் விலக்கி வைத்திருக்கும் மனிதர், அசதிக்கு இரண்டு பாட்டில் சலைன் ஏற்றிக்கொண்டால் இரண்டு நாள் உப்பு நேராக ரத்தத்தில் இறங்குகிறது.

ஏற்றிய பிறகு தெம்பாக இருக்கிறதே என்பார்கள். உண்மையாகவே நீர் வற்றியவருக்கு இருக்கும். அவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. மற்றவருக்கு இரண்டு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் படுத்திருந்ததும், ஊசியோடு சேர்த்துப் போட்ட காய்ச்சல் மருந்தும், நம்மை ஒருவர் கவனிக்கிறார் என்ற ஆறுதலும் செய்த வேலை அது. மருந்து என்று ஒப்புக்கொண்டால் அதற்கு அளவு உண்டு, வேகம் உண்டு, ஆகாத ஆள் உண்டு, பக்க விளைவும் உண்டு. தொல்லையெல்லாம் டிரிப்பை மருந்தாக யாரும் எண்ணாததில்தான் தொடங்குகிறது.

உப்புநீரை நரம்பில் ஏற்றும் யோசனை காலராவிலிருந்து பிறந்தது. 1831இல் இங்கிலாந்தின் சண்டர்லாண்டு துறைமுகத்தில் காலரா பரவியபோது, 22 வயது மருத்துவர் வில்லியம் புரூக் ஓஷானசி நோயாளிகளின் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். நீரும் உப்பும் பெருமளவு குறைந்திருந்தன. இழந்ததை ரத்தத்துக்கே திருப்பிக் கொடுக்கலாமே என்று எழுதினார். அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்தின் லீத் நகரில் தாமஸ் லாட்டா அதைச் செய்தே பார்த்தார். முதல் நோயாளி ஒரு மூதாட்டி, சாகும் தறுவாயில் இருந்தவர். கை நரம்பில் குழாய் செருகி, ஏறத்தாழ மூன்று லிட்டர் உப்புநீரை அரை மணி நேரத்துக்குள் செலுத்தினார். குழிவிழுந்த கண்ணும் தொங்கிய தாடையும் நிமிர்ந்தன, நாடி திரும்பியது, பாட்டி பேசினார். களைத்துப் போன லாட்டா அவரை மற்றொரு மருத்துவரிடம் விட்டுவிட்டு ஓய்வெடுக்கப் போனார். வயிற்றுப்போக்கு திரும்ப வந்தது, மறுபடி யாரும் ஏற்றவில்லை. ஐந்தரை மணி நேரத்தில் பாட்டி இறந்துபோனார்.

டிரிப்பின் பிற்காலச் சிக்கல்களில் பல இந்த முதல் நோயாளியிடமே தெரிகின்றன. லாட்டாவின் முதல் கரைசலில் இன்றைய சலைனில் உள்ள சோடியத்தில் பாதிகூட இல்லை. தண்ணீரில் நோய்க்கிருமி இருக்கும் என்பதே அன்று யாருக்கும் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, ஏற்றிவிட்ட பிறகு பக்கத்தில் இருந்து பார்க்க ஆள் இல்லை. (ஓஷானசி பின்னர் கல்கத்தாவுக்கு வந்து மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தி, கடைசியில் இந்தியாவுக்குத் தந்திக் கம்பி இழுத்தவர் என்ற பெயரை வாங்கினார். அவர் இளமையில் எழுதிய உப்புக் கணக்கை அந்தத் தந்தி மறைத்துவிட்டது.)

நம்மூருக்கு வருவோம். காரக்கோணத்து மருத்துவக் கல்லூரி தாங்கியிருக்கும் பெயர் ஹோவர்ட் சோமர்வெல்லுடையது. 1922, 1924 எவரெஸ்ட் பயணங்களில் ஏறியவர். முதல் பயணம் முடிந்து நாட்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், தெற்குத் திருவிதாங்கூரின் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் நோயாளிக் கூட்டத்தைக் கண்டு அங்கேயே பணியாற்ற முடிவெடுத்தார். அவர் காலத்தில் உப்புநீர் பாட்டிலைக் கம்பெனியிலிருந்து பெட்டி பெட்டியாக இறக்கும் வசதி கிடையாது. ஆஸ்பத்திரியே தண்ணீரை வடித்து, உப்பு சேர்த்து, கொதிக்க வைத்துக்கொள்வதுதான் அன்றைய உலக வழக்கம். அப்படி ஏற்றினால் சிலருக்குத் திடீரென்று குளிர் நடுக்கி, பல் கிட்டி, காய்ச்சல் அனல் பறக்கும். கொதிக்க வைத்த நீரில் ஏன் காய்ச்சல்? அமெரிக்காவின் பிளாரன்ஸ் சைபர்ட் என்ற பெண் விஞ்ஞானி 1923இல் விடை சொன்னார். கொதித்தால் கிருமி சாகும். செத்த கிருமியின் உடல் சுவரில் உள்ள நச்சுப்பொருள் சாகாது. அது துளியளவு ரத்தத்தில் கலந்தாலும் போதும், உடல் நடுங்கும், ரத்த அழுத்தம் சரியும். ஆகவே சலைன் பாட்டில் கிருமி இல்லாமல் இருந்தால் மட்டும் போதாது, கிருமியின் எச்சமும் இருக்கக் கூடாது. முன்பு இதை முயலில் சோதித்தார்கள், பிறகு குதிரைலாட நண்டின் நீல ரத்தத்தில் சோதிக்கிறார்கள்.

அந்தச் சோதனையும் கண்காணிப்பும் சறுக்கினால் என்னவாகும் என்பது பழங்கதை இல்லை. 2011இன் தொடக்கத்தில் ராஜஸ்தானின் ஜோத்பூரில் உமைத் அரசு மருத்துவமனையில் பத்துக்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஏற்றிய திரவம் மாசுபட்டிருந்ததா என்ற கேள்வியை நோக்கி விசாரணை திரும்பியது. 2024 நவம்பரில் கர்நாடகத்தின் பல்லாரியில் சிசேரியன் செய்துகொண்ட தாய்மார்கள் இறந்தபோதும், 2025 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் மேதினிபூரில் ஒரு தாய் இறந்தபோதும், சந்தேகம் விழுந்தது ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு டிரிப் திரவத்தின் பாட்டில்கள் மேல். மேதினிபூரில் மருத்துவர்களின் கவனிப்பில் இருந்த குறையும் விசாரணைக்கு வந்தது. பாட்டில் மேல் பழி போட்டுவிட்டால் மற்ற எல்லாரும் தப்பித்துவிடலாம் என்பதும், மருத்துவர் மேல் போட்டுவிட்டால் பாட்டில் தப்பித்துவிடும் என்பதும் நம் நாட்டு விசாரணைகளின் பழைய நோய்.

ஃபாக்டரியில் சுத்தமாக வந்த பாட்டிலை வார்டில் கெடுக்கவும் வழி உண்டு. நம் ஊர் பிளாஸ்டிக் பாட்டில்கள் பலவும் காலியாகக் காலியாகத் தானாகச் சுருங்காதவை. உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் மந்தமாகும். உடனே பாட்டிலின் மேற்புறத்தில் ஓர் ஊசியைக் குத்தி விடுவார்கள். காற்று புகும், சொட்டும் ஓடும். வார்டின் தூசியும் அந்தத் துளை வழியே புகும். காற்று புக வடிகட்டி வைத்த டிரிப் செட் கடையில் கிடைக்கிறது, சுருங்கும் பையிலேயே வரும் சலைனும் கிடைக்கிறது. இரண்டுக்கும் கொஞ்சம் விலை கூடுதல், அவ்வளவுதான்.

இனி உள்ளே போன நீர் எங்கே போகிறது என்று பார்ப்போம். ஒரு லிட்டர் சலைன் ஏற்றினால் கால் பங்குதான் ரத்தக்குழாயில் தங்கும். மீதி குழாயைச் சுற்றியுள்ள திசுக்களில் பரவிவிடும். கால் வீக்கம் வருவது இதனால்தான். குளுக்கோஸ் பாட்டில் இன்னும் வேறு மாதிரி. சர்க்கரையை உடல் எரித்துவிட்டால் மிஞ்சுவது வெறும் தண்ணீர். அதில் மூன்றில் இரண்டு பங்கு செல்களுக்குள்ளேயே நுழைந்துவிடும். மற்ற உறுப்புகள் கொஞ்சம் வீங்கினால் சமாளிக்கும், மண்டையோட்டுக்குள் அடைபட்ட மூளைக்கு வீங்க இடமில்லை.

காய்ச்சல், வலி, வாந்தி, அறுவை சிகிச்சை இவற்றில் எது வந்தாலும் மூளையிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து, தண்ணீரை வெளியே விடாதே என்று சிறுநீரகத்துக்குக் கட்டளையிடும். அந்த நேரத்தில் உப்பு குறைந்த திரவத்தைத் தொடர்ந்து ஏற்றினால் ரத்தத்தில் சோடியம் சரியும். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது 125க்குக் கீழே போனால் தலைவலி, குமட்டல், பிதற்றல். இன்னும் இறங்கினால் வலிப்பு. குழந்தைகளுக்கு இது விரைவில் வரும். 1957இல் ஹாலிடே, சேகர் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் எடைக்கு இவ்வளவு நீர் என்று எளிய கணக்கு ஒன்று தந்தார்கள். அதை ஒட்டி உப்பு குறைந்த திரவங்களையே உலகமெங்கும் அரை நூற்றாண்டு குழந்தைகளுக்கு ஏற்றிவந்தோம். வட அயர்லாந்தில் சோடியம் சரிவோடு தொடர்புபடுத்தப்பட்ட ஐந்து குழந்தைகளின் சாவை ஆராய்ந்த பொது விசாரணையின் அறிக்கை 2018இல் வந்தது. அதே ஆண்டில் அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி, ரத்தத்துக்கு ஈடான சோடியம் உள்ள திரவத்தையே கொடுங்கள் என்று விதியை மாற்றியது.

சரிந்த சோடியத்தை அவசரமாகத் தூக்குவதும் ஆபத்து. பல நாளாக மெல்லக் குறைந்த சோடியத்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 10 புள்ளிகளுக்கு மேல் உயர்த்தக் கூடாது. மீறினால் மூளைத்தண்டின் நரம்புகளைச் சுற்றியுள்ள உறை சிதையும். நோயாளி முதலில் தெளிந்து எழுந்து பேசுவார், இரண்டு மூன்று நாள் கழித்துப் பேச்சு குழறி, கைகால் செயலற்றுப் போகும். குடிப்பழக்கம் உள்ளவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். இவர்களுக்கே இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. உடலில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றியிருக்கும்போது குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால், இருக்கும் கொஞ்சநஞ்சமும் செலவாகி மூளை பாதிக்கும். தயமின் ஊசியையும் சேர்த்துப் போட வேண்டும். குடித்துவிட்டுச் சோறு இல்லாமல் கிடந்தவருக்கு, தெளியட்டும் என்று குளுக்கோஸ் பாட்டில் மட்டும் மாட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை.

மழைக்காலக் காய்ச்சலுக்கு வருவோம். ரப்பர் தோட்டத்தில் பால் பிடிக்கும் சிரட்டைகளில் மழைநீர் தேங்கினால் டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு அதுவே தொட்டில். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வரும். ரத்தக்குழாய்ச் சுவர் கசியத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் கசியும். கரை கசியும் குளத்தில் தண்ணீர் விடுவது போன்ற வேலை அது. விடாவிட்டால் குளம் வற்றும், அதிகம் விட்டால் சுற்றியுள்ள வயலெல்லாம் மூழ்கும், கரை அடைபட்டதும் வயலில் நின்ற நீர் முழுவதும் குளத்துக்கே திரும்பி வந்து உடைத்துக்கொள்ளும். கசிவு நின்ற மறுநாளும் வழக்கம்போல் டிரிப் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்து நோயாளி மூச்சுக்குத் திணறுவார். டெங்குவிலிருந்து தப்பியவரை டிரிப் கொல்லும் இடம் இதுதான். சில மணி நேரத்துக்கு ஒருமுறை ரத்தத்தின் அடர்த்தியையும் சிறுநீர் அளவையும் பார்த்து வேகத்தைக் கூட்டிக் குறைக்க முடிகிற இடத்தில்தான் இந்த ஆட்டத்தை ஆட வேண்டும். வாந்தி இல்லாமல், எச்சரிக்கை அறிகுறி எதுவும் இல்லாமல் இருக்கும் டெங்குவுக்குக் கஞ்சித் தண்ணீரும் இளநீரும் உப்புக்கரைசலும் போதும்.

எலிக்காய்ச்சல் இதற்கு நேர்மாறான தொல்லை. சிறுநீரகத்தைத் தாக்கும் மற்ற பல நோய்களில் பொட்டாசியம் ஏறும். எலிக்காய்ச்சலில் சிறுநீர் போய்க்கொண்டே இருந்து, பொட்டாசியம் அதோடு கரைந்து குறைவது அடிக்கடி காணும் விசித்திரம். பொட்டாசியத்தைக் கேள்வி கேட்காமல் ஏற்றவும் முடியாது, ஏற்றாமலும் விட முடியாது.

அதிகம் ஏற்றினால் நல்லது என்ற எண்ணத்துக்கு ஆப்பிரிக்காவிலிருந்து பலத்த அடி விழுந்தது. கென்யா, உகாண்டா, தான்சானியா நாடுகளில் கடுங்காய்ச்சலோடு ரத்த ஓட்டம் குன்றி வந்த 3,141 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு 2011இல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு உடனே வேகமாகத் திரவம் ஏற்றினார்கள். மற்றவர்களுக்கு மெதுவான பராமரிப்புத் திரவம் மட்டும். 48 மணி நேரத்தில் வேகமாக ஏற்றியவர்களில் 100க்கு 10க்கும் சற்று மேல் இறந்தார்கள், அப்படி ஏற்றாதவர்களில் 7 பேர். ஆய்வை முன்கூட்டியே நிறுத்த வேண்டியதாயிற்று. வயிற்றுப்போக்கால் நீர் வற்றிய குழந்தைகளை இந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு வேகமாக ஏற்றுவது இன்றும் சரிதான். ஆனால் காய்ச்சலோடு துவண்டு வரும் எல்லாக் குழந்தைக்கும் அதே மருந்து என்பது அன்றோடு போயிற்று.

எதை ஏற்றுவது என்ற சண்டையும் இன்னும் ஓயவில்லை. நார்மல் சலைன் பெயரில்தான் நார்மல். ரத்தத்தில் குளோரைடு நூறை ஒட்டியிருக்க, அதில் 154. அதிகம் ஏற்றினால் ரத்தம் அமிலப் பக்கம் சாயும். 2018இல் அமெரிக்காவில் 15,802 தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில் ரிங்கர் லாக்டேட் போன்ற கரைசல்கள் சிறுநீரகத்துக்குச் சற்று நல்லவை என்று தெரிந்தது. பின்னர் பிரேசிலிலும் ஆஸ்திரேலியாவிலும் நடந்த ஆய்வுகளில் சாவு எண்ணிக்கையில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியவில்லை. நோயாளி அறிய வேண்டியது ஒன்றுதான்: இரண்டும் ஒரே தண்ணீர் கிடையாது. ரிங்கர் லாக்டேட்டில் கால்சியம் உண்டு. அது ஓடும் குழாயிலேயே செஃப்ட்ரியாக்சோன் ஊசியைப் போட்டால் இரண்டும் சேர்ந்து கரையாத துகளாகப் படியும். பச்சிளம் குழந்தைக்கு அது உயிராபத்து.

இவற்றிலெல்லாம் நான் மிகவும் பயப்படுவது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பிக்குத்தான். பத்து மில்லி, நிறமில்லை, வாசமில்லை. பக்கத்தில் வைத்தால் ஊசி மருந்து கலக்கும் வெறும் நீருக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. பொட்டாசியம் குளோரைடு. அதில் 20 மில்லிஈக்விவலன்ட் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு பெரியவரின் ரத்த நீர் முழுவதிலும் சேர்ந்து இருப்பதே 12 அளவுதான். நம் உடலின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்களுக்குள் பூட்டிக் கிடக்கிறது, வெளியே இருக்கும் கொஞ்சத்தை வைத்துத்தான் இதயம் துடிப்பின் தாளத்தைப் பிடிக்கிறது. குப்பியை அப்படியே ஊசியில் உறிஞ்சி நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். மன்னிப்புக்கு இடமில்லை. எனவேதான் அடர்ந்த எலக்ட்ரோலைட் குப்பிகளைச் சாதாரண வார்டு அலமாரியில் மற்ற மருந்துகளோடு வைக்காதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது.

நீர்த்து ஏற்றும்போதும் கண்ணுக்குத் தெரியாத கண்ணி ஒன்று இருக்கிறது. மாட்டியிருக்கும் பாட்டிலிலேயே கீழ்ப்பக்க ரப்பர் வழியாகப் பொட்டாசியத்தைச் சேர்த்தால், கனமான அது கலக்காமல் அடியிலேயே தங்கும். குழாயின் வாயும் அங்கேதான் இருக்கிறது. மேலே 500 மில்லி சலைன் இருக்க, முதலில் இறங்குவது அநேகமாகக் குப்பிச் சரக்கு. பாட்டிலைக் கழற்றி, நிமிர்த்தி, மருந்தைச் சேர்த்து, பலமுறை தலைகீழாக்கிக் கலக்கிய பிறகே மாட்ட வேண்டும். சாதாரண வார்டில் மணிக்கு 10 மில்லிஈக்விவலன்ட்டுக்கு மேல் ஓடக் கூடாது. அதைத் தாண்டினால் இதயத் துடிப்பைத் திரையில் பார்த்துக்கொண்டே ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கை நரம்பு வழியே எரிச்சல் ஓடினால் "சிஸ்டரே, எரியுது" என்று நோயாளி சொல்லிவிட வேண்டும். எரிச்சலைப் பல்லைக் கடித்துப் பொறுப்பவர்களை நம்மூரில் நிறையப் பார்க்கலாம்.

பிரசவ வார்டில் வலிப்பு வராமல் காக்கும் மக்னீசியம் சல்பேட்டும் இப்படிப்பட்ட இரட்டை முகக்காரிதான். அளவு கூடினால் முதலில் முழங்காலில் தட்டினால் துள்ளும் அனிச்சை போகும், அடுத்து மூச்சு மந்தமாகும். அதனால் ஒவ்வொரு முறையும் முழங்காலைத் தட்டிப் பார்த்து, மூச்சை எண்ணி, சிறுநீர் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த ஊசி. மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட் தலைமாட்டிலேயே இருக்கும். பெரிய கருவி எதுவும் வேண்டாத இந்தச் சோதனை எத்தனையோ தாய்மாரைக் காப்பாற்றியிருக்கிறது.

பக்கத்தில் துணைக்கு உட்கார்ந்திருப்பவர் அதிகம் பயப்படுவது குழாயில் தெரியும் காற்றுக் குமிழிக்கு. ஒன்றிரண்டு சிறு குமிழி கை நரம்பில் போனால் பெரியவருக்கு ஒன்றும் ஆகாது, நுரையீரல் வடிகட்டிவிடும். அவர் பயப்பட வேண்டியது தன் விரலுக்கே. பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ரோலரை உருட்டி வேகத்தைக் கூட்டுபவர் பெரும்பாலும் அவர்தான். சாதாரண செட்டில் 20 சொட்டு ஒரு மில்லி. 500 மில்லியை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டுமானால் நிமிடத்துக்கு 42 சொட்டு. அது அரை மணி நேரத்தில் ஓடிவிட்டால், இதயம் பலவீனமான பெரியவர் அன்று ராத்திரி படுக்க முடியாமல் இருமிக்கொண்டு எழுந்து உட்காருவார். அந்த இருமல் சளி இல்லை, நுரையீரலில் நீர். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குத் திரும்ப வேண்டும்.

ஏற்றுவதற்கு முன் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துத் துகளோ கலங்கலோ உண்டா, அழுத்தினால் கசிகிறதா, தேதி தாண்டியதா என்று பார்க்க யாரும் தடை சொல்லப் போவதில்லை. சர்க்கரை, சிறுநீரகம், இதய நோய், ரத்தக்கொதிப்பு மாத்திரை எதுவானாலும் கேட்காமலே சொல்லிவிட வேண்டும். ஊசி குத்திய இடம் சிவந்து வீங்கிக் கயிறு போல் தடித்தால் அங்குள்ள கேனுலாக் குழாயை எடுத்துவிட வேண்டும். குளிர் நடுக்கம் கண்டால் டிரிப்பை நிறுத்தச் சொல்ல வேண்டும், பாட்டிலையும் செட்டையும் குப்பையில் போட விடக் கூடாது. லேபிளில் உள்ள பேட்ச் எண்தான் சாட்சி. மருந்தின் பக்க விளைவை நோயாளியே 1800 180 3024 என்ற மத்திய அரசின் இலவச எண்ணில் தெரிவிக்கலாம். டாக்டருக்கு மட்டுமே அந்த உரிமை என்று நினைப்பவர்கள் மிக அதிகம்.

1971இல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பாங்காவ் அகதி முகாமில் காலரா வந்து, ஏற்ற வேண்டிய சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. திலீப் மகாலனாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரை டிரம்களில் கரைத்து, நோயாளியின் வீட்டாரிடமே குவளையைக் கொடுத்து ஊட்டச் சொன்னார். 100க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த முகாமில் சாவு 4 பேருக்கும் கீழே இறங்கியது. இன்றைக்குப் பாறசாலை மருந்துக் கடையில் வாங்கும் ஓஆர்எஸ் பாக்கெட்டின் பின்புறத்தைப் பாருங்கள். ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், சிட்ரேட் 2.9 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம். வார்டு அலமாரியில் வைக்கக் கூடாது என்றேனே, அந்தக் கண்ணாடிக் குப்பிக்குள் இருப்பதும் அதே ஒன்றரை கிராம்தான்.